கச்சேரித் தெருவுக்கு வந்த சர்வசித்து வருஷம்

லண்டன் டெலிவிஷனுக்குப் பழங்காலத்துக் கதைகளைத் தொடராக எடுத்துக் கொடுப்பதையே முப்பத்துநாலு வருஷமாகத் தொழிலாக வைத்திருந்த ஹிலாரி பென்ஃபோல்ட் அம்மாள், எங்கள் வல்லக்குளத்துக்கு நாலு லாரிச் சாமானோடு வந்து இறங்கி, கச்சேரித் தெருவின் கரண்டுக் கம்பங்களுக்குப் பனைமட்டை கட்டி, தார் ரோட்டின்மேல் செம்மண் கொட்டி, பாழடைந்து கிடந்த பழைய கோர்ட்டுக்கும் சப்ஜெயிலுக்கும் சுண்ணாம்பு அடித்து, பூசை போட்டுத் தேங்காய் உடைத்த அரை மணி நேரத்தில், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் வருஷம் அந்தத் தெருவுக்கு நிஜமாகவே வந்து சேர்ந்தது. டவுன் பஸ் வருவதுபோல்தான் வந்தது. கொஞ்சம் புழுதி, கொஞ்சம் சத்தம், அப்புறம் நின்றுவிட்டது.

எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் அதிகம் விளக்குவதில்லை. பூசையில் பட்டர் சங்கல்பம் சொல்ல வருஷத்தின் பெயருக்கு வாயெடுத்தபோது அந்தம்மா கையை உயர்த்தி, இந்தப் பூசையும் படத்தில் வருகிறது, அதனால் கதை நடக்கிற வருஷத்தைத்தான் சொல்லவேண்டும், தப்பான வருஷத்தைச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். கோடம்பாக்கத்தில் இருபது வருஷம் புரொடக்‌ஷன் மேனேஜராகக் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பி, அந்தம்மாவுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கவும் மொழிபெயர்க்கவும் அமர்ந்திருந்த ஞானதுரை அதை அப்படியே பட்டரிடம் சொன்னான். பட்டரும் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, சர்வசித்து வருஷம் என்று கண்டுபிடித்து, தெருவே கேட்கும்படி கணீரென்று சொல்லிவிட்டார். கூப்பிட்டால் வராமல் என்ன செய்யும்.

ஊர் அதைப் பழக்கிக்கொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை. தெருமுனை தாண்டிப் போன புல்லட் வண்டி மட்டக்குதிரையாக மாறிக் கொள்ளு கேட்டதால், பஞ்சாயத்துத் தலைவர் முனையிலேயே ஓலைக் கொட்டகை போட்டு வண்டிகளை நிறுத்தச் சொன்னார். செல்போன்கள் வெற்றிலைப் பெட்டியாக ஆயின; யாராவது கூப்பிட்டால் உள்ளே பாக்கு உருண்டது, எடுத்துப் பேசத்தான் வழியில்லை. கரண்டு ஆபீஸ் ஆள் மீட்டர் பார்க்கப் போய், மீட்டர் இருந்த சுவரில் மாடக்குழியையும் அகல் விளக்கையும் பார்த்து, கதவு பூட்டியிருந்தது என்று எழுதிக்கொண்டு திரும்பினார். ஊரிலிருந்த சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாரும் அந்த வருஷத்தில் தங்களுக்கு வியாதி வந்திருக்கவில்லை என்று கணக்குப் போட்டு, ஜாங்கிரியைத் துண்டில் மறைத்துக்கொண்டு தெருவுக்குள் போய்த் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

தெற்குக் காலனிக்காரர்கள் தெருமுனையைத் தாண்டியதும் மட்டும் வேறொன்று நடந்தது. அவர்கள் காலில் கிடந்த செருப்பு இல்லாமல் போயிற்று, தோளில் போட்டிருந்த துண்டு தானாக இறங்கி இடுப்பைச் சுற்றிக்கொண்டது. வெளியே வந்தால் செருப்பும் துண்டும் பழையபடி திரும்பிவிடுவதால் இதெல்லாம் ஒரு பெரிய விஷயம் இல்லை என்று, செருப்பு காணாமல் போகாதவர்கள் சொன்னார்கள். கோயில் தர்மகர்த்தா சிதம்பரநாதன் தினமும் இரண்டு வேளை தெருவுக்குள் உலாவப் போக ஆரம்பித்தார். அவருடைய பூட்டன் அந்தக் காலத்தில் கிராம முன்சீப். உள்ளே போனால் அவருக்குப் பல்லக்கு வந்தது. குளிர்ச்சியான வருஷம் என்று அவர் எங்களிடம் சொல்லுவார்.

பென்ஃபோல்டம்மா ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு பிரபு வீட்டுக் கதையில் சாப்பாட்டு மேஜைத் தேக்கரண்டிகளை எண்ணுகிற பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து, ஒரு தேக்கரண்டி இருபது வருஷம் பிந்திய மாதிரி என்று கண்டுபிடித்து டைரக்டரையே எழுந்து நிற்க வைத்து, அன்றிலிருந்து படிப்படியாக ஏறித் தயாரிப்பாளர் ஆனவர் அவர். பத்தொன்பது தொடர்கள். ஒரு கல்யாணக் காட்சியில் மணப்பெண் முதுகில் ஜிப் தெரிந்தது என்பதற்காக இருநூறு பேரைத் திரும்ப அழைத்து அந்தக் கல்யாணத்தை மறுபடி நடத்தியவர். கோழி தப்பான ஜாதிக் கோழி என்று ஒரு பண்ணையையே மாற்றியவர். பிசகு இல்லாத கைக்காரி என்று பேரெடுத்தவர். அத்தனை வருஷத்திலும் கேமராவுக்கு முன்னால் தன் நிழல்கூட விழாமல் பார்த்துக்கொண்டவர். அப்படி ஒரு வைராக்கியத்தோடு கூப்பிட்டால் என்றைக்காவது ஒரு வருஷம் வரத்தான் செய்யும் என்று அவர் உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கவேண்டும். தெருமுனையில் பெரிய குடையை நட்டு, அதன்கீழ் உட்கார்ந்து, உள்ளே மரப்பெட்டியாக மாறிப்போன கேமராக்கள் அனுப்புகிற படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

படம் லண்டனுக்குப் போனது. அங்கே அவருடைய இலாகாவையே மூடிவிடுவதாக இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்களாம். இது கடைசித் தொடர் என்று சொல்லியிருந்தவர்கள், இதே மாதிரி முடித்துக் கொடுங்கள், இன்னும் மூன்று தொடர் உங்களுக்கே என்றார்கள். முடிவுதான் முக்கியம், அந்தத் தூக்குக் காட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்கள்.

அந்தத் தூக்கில்தான் கொம்பையா மாட்டிக்கொண்டான்.

காலனியில் மாவு மில் ஓட்டுகிறவன் கொம்பையா. ஆள் நெட்டை, சோளம் அரைக்கப் போகிறவர்களிடம் ஊர்வம்பு கேட்டுக்கொண்டே அரைப்பான். அந்தம்மா கையில் இருந்த பழைய கோர்ட்டுப் பதிவேட்டில், முன்சீப் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனபோது மறித்த கணக்கப்பிள்ளையைத் தள்ளிக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்ட ஒருவனைப் பற்றி நாலு வரி இருந்தது. பெயர் எழுதவில்லை. உயரமானவன், இடது புருவத்தில் தழும்பு, அவ்வளவுதான். அந்தத் தழும்புக்காக மூன்று நாள் ஊரையே சலித்தார். மில் பெல்ட் அறுந்து அடித்த தழும்பு கொம்பையாவின் இடது புருவத்தில் இருந்தது. அவனைக் கண்டதும் அந்தம்மா முகத்தில் வந்த சந்தோஷத்தை ஊரில் எல்லாரும் பார்த்தோம். கொம்பையாவும் சந்தோஷப்பட்டான். லண்டன் டெலிவிஷனில் தொங்கப்போகிறேன் என்று மில்லில் எல்லாரிடமும் சொன்னான்.

படப்பிடிப்பில் கால்ஷீட் என்று ஒரு தாள் உண்டு. நாளைக்கு என்ன காட்சி, யார் யார் வரவேண்டும், எத்தனை மணி என்று அதில் இருக்கும். அந்தம்மா அதை எழுதித் தெருமுனை வேப்பமரத்தில் ஒட்டுவார். சர்வசித்து வருஷம் வந்தபிறகு அந்தத் தாளில் எழுதினது எழுதினபடி நடந்தது. மூன்று மணிக்கு மழை என்று எழுதிவிட்டு, காய்ச்சல் என்று அந்தம்மா லாட்ஜில் படுத்துக்கொண்ட அன்றும், கேமராவைத் தொட ஆள் இல்லாத அந்தத் தெருவில் மட்டும் மூன்று மணிக்கு மழை பெய்தது. தாளில் பேர் இருக்கிறவர்கள் வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார முடியவில்லை. நேரம் வந்தால் கால் எழுந்து நடந்தது. நான் அந்தத் தொடரில் டவாலி, கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற வேலை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவாமல் எழுந்து போயிருக்கிறேன்.

ஆகையால் செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக் காட்சி வந்தபோது, கைதி என்று நான் மூன்று தடவை கூப்பிட, என் வாயிலிருந்து வந்த குரல் என் குரலாக இல்லை. ஜட்ஜ் துரை வேஷம் கட்டிய ரூபர்ட் எல்வின் தீர்ப்பு வாசித்தார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சப்ஜெயில் முற்றத்தில், சாகும்வரை. கொம்பையா கையில் போட்டிருந்த தகர விலங்கு அந்தக் கணம் கனத்து இரும்பானது. காட்சி முடிந்து எல்லாரும் தெருவை விட்டு வந்தோம். அவன் மட்டும் வரவில்லை. சப்ஜெயில் கதவு சாத்தியிருந்தது. காவல் வேஷம் கட்டியிருந்த இரண்டு பேரும் கொம்பையாவின் சொந்த மச்சினன்மார்; உள்ளே இருக்கும்வரை அவர்களே அவனைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள், வெளியே வந்ததும் கொட்டகையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ரூபர்ட் எல்வின் வெளியே ரொம்பச் சாது. இட்லிக்குச் சீனி தொட்டுக்கொண்டு தின்கிறவர். அன்று அவர் இட்லியைத் தொடவில்லை. உள்ளே போனால் என் வாய் என்னுடையது இல்லை, வெள்ளிக்கிழமை தூக்குப் போடச் சொல்கிற சைகையாக நான் கைக்குட்டையை இறக்கத்தான் போகிறேன், என்னை எங்காவது கட்டிப் போடுங்கள் என்று ஞானதுரையிடம் கெஞ்சினார். கட்டிப் போட்டோம். லாட்ஜுக் கட்டிலில் கயிறு போட்டுக் கட்டிவைத்துப் பார்த்தோம். புதன்கிழமை அவருக்கு இருந்த ஒரு சின்னக் காட்சிக்குக் கட்டிலோடு நடந்து போனார்.

அந்தம்மாவும் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். தூக்குக் காட்சியை அடித்துவிட்டு, கைதி விடுதலை என்று தாளை மாற்றி எழுதி ஒட்டினார். விடிந்து பார்த்தால், அடித்தது மறைந்து, பதிவேட்டில் இருந்தபடியே மறுபடி எழுதியிருந்தது, அவருடைய கையெழுத்திலேயே. தாளைக் கிழித்தார். மரத்தில் எழுதியிருந்தது. பொய்யான ஒரு எழுத்தை முப்பத்துநாலு வருஷமாக எழுதிப் பழகாத கைக்கு அந்த நேரத்தில் அது வரவில்லை. கொம்பையாவின் காலனி ஆட்கள் கடப்பாரையோடு உள்ளே ஓடினார்கள். முனை தாண்டியதும் கடப்பாரை ஈர்க்குச்சி விளக்குமாறாக மாறியது, அவர்கள் குனிந்து தெருவைக் கூட்டத் தொடங்கினார்கள். தர்மகர்த்தா பல்லக்கிலிருந்து பார்த்துக்கொண்டு போனார்.

அவரிடம் போய் ஊர்ப் பெரியவர் என்று முறையிட்டதற்கு, நூற்று முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருத்தனுக்காக இப்போது ஏன் எல்லாரும் அலைகிறீர்கள் என்று கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில், கச்சேரித் தெரு எங்கள் எல்லைதான், அந்த வருஷம் எங்கள் எல்லை இல்லை என்றார்கள்.

வியாழக்கிழமை காலையில் கொம்பையாவின் பெண்சாதி ஆவுடை ஞானதுரை வீட்டு வாசலுக்கு வந்தாள். அவள் அழவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"அண்ணாச்சி, பூசை போட்டுத் தொடங்குன சினிமா எப்பம் முடியும்?"

ஞானதுரைக்கு முகம் செத்துவிட்டது. "பூசணிக்காய் உடைச்சா முடியும் தாயி" என்றான்.

"யாரு உடைக்கணும்?"

"முதலாளி. படம் எடுக்கிற முதலாளிதான் உடைக்கணும். உடைச்சாச்சுன்னா அப்புறம் ஒரு அடி படம் எடுக்கக்கூடாது. கேமராவைக் கழட்டிற வேண்டியதுதான்."

"இதை இத்தனை நாளா வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்தீகளோ."

கோடம்பாக்கத்தில் இருபது வருஷத்தில் ஒரு படத்துக்குக்கூடப் பாதியில் பூசணிக்காய் உடைத்ததில்லை ஞானதுரை. முடியாத படத்துக்கு உடைத்தால் தயாரிப்பாளருக்கு அதோடு தொழில் அவ்வளவுதான் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். தன்னை நம்பி வந்த அம்மாவுக்கு அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆவுடை கேட்டபிறகு நேரே குடைக்கு ஓடி, அந்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அந்தம்மா, வேறு வழியே இல்லையா என்று கேட்டார். பிறகு, யோசிக்கிறேன் என்றார்.

சேதி தர்மகர்த்தா காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும். மத்தியானத்துக்குள் மார்க்கெட்டிலிருந்த பூசணி, வெள்ளைப் பூசணி, பரங்கி, கடைவாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தது எல்லாவற்றையும் கோயில் ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சாயந்தரம் கோயிலில் ஊருக்கே அன்னதானம். அப்படி ஒரு பூசணிக்காய்ச் சாம்பாரை இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை, சாம்பாரில் பூசணியா பூசணியில் சாம்பாரா என்று தெரியவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கும்போதுதான் எதைத் தின்கிறோம் என்று எங்களுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு என் கால் எழுந்து நடந்தது. ரூபர்ட் எல்வின் அழுதுகொண்டே எனக்கு முன்னால் நடந்தார், முனை தாண்டியதும் அழுகை நின்று முதுகு நிமிர்ந்து துரையானார். சப்ஜெயில் முற்றத்தில் கட்டியிருந்த தூக்குமரம் அட்டையிலும் சவுக்குக் கம்பிலும் செய்தது. இப்போது தேக்காக நின்றது. கொம்பையாவைக் கொண்டுவந்தார்கள். ஏணியில் ஏற்றினார்கள். கழுத்தில் கயிறு மாட்டினவன் அவனுடைய இளைய மச்சினன். கொம்பையா அவனிடம் ஏதோ சொன்னான். பிற்பாடு அந்த மச்சினனைக் கேட்டதற்கு, மில்லில் காலனி வாத்தியார் வீட்டுக் கேப்பை அரைக்காமல் கிடக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று சொன்னதாகச் சொன்னான். என் உடம்பு அந்த வருஷத்தில் விறைத்து நிற்க, கண்ணை மட்டும் எப்படியோ இந்த வருஷத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன். முற்றத்து வாசலுக்கு நேரே, இருபது இருபத்தைந்து தப்படி தூரத்தில், தெருமுனையும் குடையும் தெரிந்தன.

ஆவுடை குடைக்கு வந்துவிட்டாள். அவள் குடிசைக் கூரைமேல் படர்ந்திருந்த கொடியில் கோயில் ஆட்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு பூசணிப் பிஞ்சு, பூகூட முழுசாக உதிராதது, கைப்பிடி அளவுதான் இருக்கும். அதை அந்தம்மாவின் மடியில் வைத்தாள். அந்தம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. லண்டன்காரர்கள் அங்கே திரைக்கு முன்னால் கூடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆவுடை சொன்னாள்: "உங்க படத்துக்கு முடிவு இல்லாமப் போவும், தெரியும் தாயி. எங்க வீட்டுக்காரருக்கும் இன்னைக்கு முடிவு இல்லாமப் போவட்டும்."

ஞானதுரை வழக்கமாகப் பத்து வார்த்தையை இரண்டாகச் சுருக்குகிறவன். அன்று ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான்.

அந்தம்மா எழுந்தார். பிஞ்சைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் அடித்தார். அது உடையவில்லை. பிஞ்சுக்குத் தோல் பச்சை, அதோடு தேக்கரண்டி எண்ணிய அந்தக் கைகள் ஆயுசில் ஒரு சாமானை உடைத்துப் பழகினதில்லை. செம்மண்ணில் விழுந்து, துள்ளி, உருண்டு, முனையைத் தாண்டித் தெருவுக்குள் வந்துவிட்டது. பூசணிக்காய் எண்பத்தேழிலும் பூசணிக்காய்தான், ஒன்றும் மாறவில்லை. முற்றத்து வாசலுக்கும் முனைக்கும் நடுவில் வந்து நின்றது. துரையின் கையில் கைக்குட்டை உயர்ந்தது. எட்டு மணி அடிக்க ஆரம்பித்தது, அடிக்கிறவன் பேரும் தாளில் இருந்தது.

அந்த வருஷத்தில் எந்த இடமும் இல்லாதவர் அங்கே ஒரே ஒருத்தர்தான். மூன்றாவது மணி அடிக்கும்போது பென்ஃபோல்டம்மா முனையைத் தாண்டினார். அந்த வருஷத்துக்கு அவரைத் தெரியவில்லை. பதிவேட்டின் எந்த வரியிலும் அவர் இல்லாததால் என்னவாக மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டது. நீல ஜீன்ஸும், மஞ்சள் ரெயின்கோட்டும், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையுமாக, அறுபது வயதை நெருங்கிய அந்த மனுஷி ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழுக்குள் ஓடி வந்தார். மரப்பெட்டிக் கேமராக்கள் மூன்றும் அவர் பக்கம் திரும்பின. அஞ்சாவது மணியில் பிஞ்சைப் பொறுக்கினார். ஆறாவது மணியில் ஜெயில் வாசல் கல்லில் அடித்தார், கீறல் விட்டது. கைக்குட்டை பாதி இறங்கிவிட்டது. ஏழாவது மணியில் இரண்டு கையாலும் பிடித்து மறுபடி அடித்தார். பிஞ்சு பிளந்து விதை சிதறியது.

"முடிந்தது" என்றார். இங்கிலீஷில்தான் சொன்னார், எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எட்டாவது மணி அடிக்கவில்லை. தேக்கு அட்டையாகி, கொம்பையா நின்ற பலகை அவன் கனம் தாங்காமல் முறிந்து, அவன் கயிறோடும் அட்டையோடும் கீழே விழுந்து கணுக்கால் பிசகினான். ரூபர்ட் எல்வின் கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பல்லக்கு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போனதால் தர்மகர்த்தாவும் கீழே விழுந்தார், அவரை யாரும் தூக்கப் போகவில்லை. மச்சினன்மார் இரண்டு பேரும் கொம்பையாவின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு யார் தைலம் தேய்ப்பது என்று சண்டை போட்டார்கள். ஆவுடை அவன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், கயிறு பட்ட இடத்தில் சிவந்திருந்தது. "லண்டன் டெலிவிஷன்ல தொங்கியாச்சா, வா வீட்டுக்கு" என்றாள்.

இதற்குமேல் நடந்தது லண்டனில். நான் அங்கே இல்லை. ஆனால் ஞானதுரை அந்தம்மாவிடம் போனில் கேட்டான், அவன் என்னிடம் சொன்னான், நான் அதைச் செதுக்கி வைத்திருக்கிறேன்.

பெரிய கண்ணாடி அறை, நீள மேஜை, பதினோரு பேர். கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்த்தார்கள். தூக்குமரம், கயிறு, கைக்குட்டை, பிறகு மஞ்சள் ரெயின்கோட்டில் ஒரு கிழவி பூசணிக்காயைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். அதோடு படம் நின்றுவிடுகிறது. மேஜைத் தலைமாட்டில் இருந்தவர் நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது, கோபப்படவில்லையாம். இதை வெட்டிவிடலாம் ஹிலாரி, கைக்குட்டையோடு நிறுத்துவோம், அதற்கப்புறம் மூன்றே மூன்று வினாடி போதும், ஆடுகிற இரண்டு கால், அவ்வளவுதான், அதை இங்கேயே ஒரு ஷெட்டில் எடுத்துக்கொள்ளலாம், யாரை வைத்தும் எடுக்கலாம், முகமே தெரியவேண்டாம், அந்த மூன்று தொடரும் உங்களுக்கே இருக்கிறது என்றாராம்.

அந்தம்மா தன் பையை மூடினார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எந்த ஆள் என்று முதலில் சொல்லுங்கள்" என்றார். "அவன் பெண்சாதியைக் கேட்டுவிட்டு வருகிறேன்."

பதினோரு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.